"அவங்க வீட்ல விடுறாங்களே!"

பிள்ளை வளர்க்கிற எல்லா வீட்டிலும் கேட்கிற வாசகம்தான். எங்கள் வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலும் சொந்தத்திலும் பெரும்பாலோர் விடுகிற சிலவற்றை நாங்கள் விடவில்லை. அவர்கள் வற்புறுத்துகிற சிலவற்றை நாங்கள் வற்புறுத்தவில்லை. மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், மகள் பத்தாம் வகுப்பு. இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: ஊர் வழக்கத்துக்கு மாறாக ஒரு விதி போடுகிற பெற்றோர்தான் அதன் சிரமத்தையும் சுமக்க வேண்டும். அதைப் பிள்ளையின் தலையில் இறக்கி வைத்தால் விதி நிலைக்காது, கசப்புதான் நிலைக்கும்.

வண்டி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதாகி லைசென்ஸ் கைக்கு வரும்வரை ஸ்கூட்டர் சாவியைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. சட்டம் சொல்வதைத்தான் நாங்களும் சொன்னோம். ஆனாலும் சாயங்காலம் டியூஷன் நடக்கிற தெருவுக்குப் போய்ப் பாருங்கள், பள்ளிச் சீருடையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்குகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று. "பதினாறு வயசுல லைசென்ஸ் எடுக்கலாமே" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அனுமதி 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான். இன்று கடையில் கிடைக்கிற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசியைத் தாண்டியவை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவைப் பெற்றோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், குற்றவாளியாகக் கருதப்படுவது பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எதிரே வந்தவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் திருப்பிக் கேட்கவும் முடியும்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னோம். ஆனால் பதினான்கு வயதுப் பையனுக்குச் சட்டப் பிரிவு தெரிந்து என்ன ஆகப்போகிறது? அவனுடைய கவலை, ஏழு மணி டியூஷனுக்கு எப்படிப் போவது, கூட்டாளிகள் முன்னால் அம்மாவின் வண்டியில் போய் இறங்குவது எப்படி என்பது. அந்த இடத்தில்தான் விதி போட்டவர்களுக்கு வேலை இருக்கிறது. நானும் கணவரும் முறை வைத்துக் கொண்டுவிட்டோம், கூட்டிவந்தோம். டியூஷன் வாசல் வேண்டாம், தெருமுனையில் இறங்கிக்கொள்கிறேன் என்றான். சரி என்றோம். அலுவலகம் விட்டு வந்த அசதியில் இன்னொரு முறை கிளம்புவது எளிதல்ல. அந்த எரிச்சலை அவன் மேல் காட்டக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தோம். "ஒனக்காகத்தான அலையுறோம்" என்ற சொல் ஒருநாள் வாயில் வந்துவிட்டால் போதும், விதி எங்களுடையது என்பது மாறி அவன் பட்ட கடன் ஆகிவிடும். பதினொன்றாம் வகுப்பில், அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசு கொடுக்கிற சைக்கிள் வந்தது. அதற்குப் பிறகு பகல் போக்குவரத்தெல்லாம் சைக்கிள்தான்.

நாங்களும் அதே சாலையில்தான் ஓட்டுகிறோம். தெற்கு பஜார் வரைக்கும்தான் என்றாலும் ஹெல்மெட் உண்டு. பின்னால் உட்காருபவருக்கும் உண்டு, நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் சட்டப்படி உண்டு. ஒரு வண்டியில் மூன்று பேர் ஏறுவதில்லை. கல்யாண வீட்டுக்கு நேரமாகிவிட்ட அன்றும் ஆட்டோதான். இதில் ஒன்றை நாங்கள் தளர்த்தியிருந்தாலும் சாவியைப் பற்றிப் பேசுகிற தகுதி எங்களுக்குப் போயிருக்கும்.

இதைவிடக் கடினமான விதி ஒன்று உண்டு. எங்கள் பிள்ளைகளைத் தொட்டுக் கொஞ்ச, முத்தம் கேட்க, மடியில் இழுத்து உட்காரவைக்க யார் விரும்பினாலும், பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று கேட்பது கட்டாயம், கும்பிடுவது கட்டாயம், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது கட்டாயம். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. உடம்பு மட்டும் பிள்ளைகளுடையது.

சொந்தபந்தம் கூடுகிற வீட்டில் இது சும்மா நடக்குமா? மாமியார் மனம் நொந்துபோனார்கள். "பேரப்பிள்ளையத் தொடக்கூட விட மாட்டியளோ?" என்று கேட்டார்கள். அவர்கள் பாசத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஆச்சிக்கு ஒரு சட்டம், தெரிந்த மாமாவுக்கு ஒரு சட்டம், தெரியாதவருக்கு ஒரு சட்டம் என்று ஐந்து வயதுக் குழந்தையால் பிரித்துப் பார்க்க முடியாது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகளுக்கு அதைச் செய்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அது நம்பியவர்கள். வெளியாளைக் கண்டு பயப்படு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் பாதி ஆபத்தை விட்டுவிட்டோம் என்றுதான் பொருள். 2012-ல் வந்த போக்சோ சட்டம் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று பார்ப்பதில்லை. எங்கள் விதியும் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுதான்.

இதில் எங்களுக்குக் கைகொடுத்த வழி, அவரவர் பக்கத்துச் சொந்தத்திடம் அவரவரே பேசுவது. மாமியாரிடம் நான் விளக்கியிருந்தால் அது மருமகளின் திமிராகப் போயிருக்கும். கணவர் ஊருக்குப் போவதற்கு முன்பே அம்மாவிடம் போனில் பொறுமையாகச் சொன்னார். என் அண்ணன்களிடம் நான் சொன்னேன். குழந்தை பெரியவர் முன்னால் நின்று மறுக்கிற சங்கடம் முடிந்தவரை வராமல் பார்த்துக்கொண்டோம். வந்துவிட்டால் நாங்கள் உடனே குறுக்கே போய், "அவளுக்கு இப்ப வேண்டாமாம், மதினி" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுவோம். "அம்மா சொன்னாங்க" என்று குழந்தை பழி ஏற்கவேண்டி வரக்கூடாது.

இதோடு சேர்ந்தது இன்னொன்று: இந்த வீட்டில் ரகசியம் கிடையாது. அப்பா பிறந்தநாளுக்கு என்ன வாங்கியிருக்கிறோம் என்று மறைக்கலாம், நாலு நாளில் எல்லாருக்கும் தெரியப்போகிற விஷயம் அது. "அம்மாகிட்ட சொல்லாத" என்று ஒரு பெரியவர் சொன்னால், அன்றைக்கே அம்மாவிடம் சொல்லவேண்டிய விஷயம் அதுதான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்தே மனப்பாடம். தாத்தா ரகசியமாக வாங்கிக் கொடுத்த மிட்டாய் வரைக்கும் எங்களிடம் வந்தது. அதற்கு நாங்கள் ஒருபோதும் திட்டவில்லை. சொன்னதற்குத் திட்டு விழுந்தால் அடுத்தது நம் காதுக்கு வராது.

மார்க் விஷயம் இவ்வளவு சிக்கலானதல்ல. மார்க் பிள்ளையுடையது, அதை யாரிடம் சொல்வது என்பதையும் பிள்ளைதான் முடிவு செய்யும். மாநில முதலிடம் அறிவிக்கிற வழக்கத்தைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. சொந்தக்காரர்கள் நிறுத்தவில்லை. ரிசல்ட் அன்று காலையில் தொடங்குகிற போன் அழைப்புகளை நாங்கள்தான் எடுப்போம். "பாஸ் பண்ணிட்டான், சந்தோஷமா இருக்கான்" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். பத்தாம் வகுப்பில் மகன் எல்லாருக்கும் அவனே கூப்பிட்டுச் சொன்னான், பன்னிரண்டில் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டும் அவன் விருப்பம். இந்த விதிக்கு நாங்கள் கொடுக்கிற விலை, மற்ற வீட்டுப் பிள்ளைகளின் மார்க்கை நாங்களும் கேட்காமலிருப்பது. ஆர்வம் வராமலில்லை, அடக்கிக்கொள்கிறோம்.

சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவுவது, இரவு ஒன்பதரைக்கு எல்லாப் போனும் ஹாலில் சார்ஜருக்குப் போவது ஆகியவற்றுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. எழுந்திருக்க ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினோம். கணவர் மின்வாரியத்தில் வேலை பார்ப்பதால் மழைக்காலத்தில் எந்நேரமும் அழைப்பு வரும். அதற்காகப் பட்டன் போன் ஒன்று அவர் தலைமாட்டில் இருக்கும், ஸ்மார்ட்போன் இருக்காது. இரவு பத்து மணிக்கு மேல் வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம் வந்தது என்று மகள் தவித்தபோது, பள்ளிக்கு நான்தான் போய் ஆசிரியையிடம் பேசினேன்.

மற்றவர்களிடமிருந்து வேறுபடவேண்டும் என்பதற்காக மட்டும் எங்கள் வீட்டில் ஒரு விதியும் இல்லை. காரணத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பார்ப்போம். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்பதைத் தவிர வேறு காரணம் எங்களிடம் இல்லாவிட்டால் அந்த விதியை எடுத்துவிடுவோம். மே மாத விடுமுறையில் எல்லா விதிகளையும் எடுத்துவைத்துப் பேசுவோம், பிள்ளைகள் வாதாடலாம். தனக்கென்று ஒரு போன் நம்பரை மகன் அப்படி வாதாடித்தான் வாங்கினான்.

இந்த மே மாதம் மகளின் முறை. இன்ஸ்டாகிராம் கணக்கு வேண்டும் என்கிறாள். அந்த நிறுவனமே 13 வயது போதும் என்கிறதே என்பது அவள் வாதம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 ஆகாதவர்களைக் குழந்தை என்றே சொல்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது என்று நான் சொன்னேன். அதற்கு அவள், "அப்ப என் போட்டோவ நீங்க ஸ்டேட்டஸ்ல வைக்க யார்கிட்ட ஒப்புதல் கேட்டீங்கம்மா?" என்று கேட்டாள். கணக்கு பற்றி இன்னும் முடிவாகவில்லை. போட்டோ பற்றி அன்றைக்கே முடிவாகிவிட்டது: அவளைக் கேட்காமல் நானோ அவள் அப்பாவோ எங்கும் அவள் படத்தைப் போடுவதில்லை. இதைத் தன் பக்கத்துச் சொந்தத்திடம் சொல்கிற பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.