நிறுத்தத் தெரிந்த புரதம்

நிட்டிங் மிஷினில் ஒரு நூல் அறுந்தால் மிஷின் தானே நின்றுவிடும், விளக்கு எரியும். நிற்காவிட்டால் ஓட்டை விழுந்த துணி கிலோக் கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இதை அறியாத திருப்பூர் மாணவர் இல்லை. இத்தகைய நிறுத்தி ஒன்று நம் உயிரணுக்களிலும் உண்டு. பி53 என்னும் அப்புரதத்தைப் பற்றி, விலங்கியல் பயிலும் நான் சில சொல்ல விழைகிறேன்.

1979ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இப்புரதம், 393 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. இதுவே புற்றுநோயை வளர்க்கிறது என்று முதலில் கருதினர். அது வளர்ப்பதன்று, தடுப்பது என்ற உண்மை 1989இல்தான் துலங்கியது. டி.என்.ஏ. சேதமுற்றால் பி53 பெருகி, உயிரணு பிரிவதை நிறுத்துகிறது. பழுது சீரானால் பிரிதல் தொடரும். சீராகாதெனில் அவ்வுயிரணுவையே மாயச் செய்கிறது.

இப்புரதத்தை ஆக்கும் மரபணுவே பழுதுபட்டால் என்னாகும்? கெட்ட உயிரணு தடையின்றிப் பெருகும். கணையப் புற்றுக் கட்டிகளில் சுமார் 70 விழுக்காட்டில் இம்மரபணு பழுதுற்றிருக்கிறது. பித்தநாளப் புற்றிலும் கல்லீரல் புற்றிலும் இப்பழுது அடிக்கடி காணப்படுகிறது.

கல்லீரலைப் பொறுத்தவரை, பழுது செய்யும் பொருள் ஒன்று பிடிபட்டிருக்கிறது. சீனாவின் சிடோங் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், புரதத்தின் 249ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாகச் செரின் அமர்ந்திருப்பதை 1991இல் அறிவித்தனர். பூஞ்சணம் பிடித்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு விட்டுச் செல்லும் தடயம் அது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் பூஞ்சண மக்காச்சோளத்தை உண்டு, கல்லீரல் கெட்டு 100க்கும் மேற்பட்டோர் மாண்டதும் இந்நஞ்சினால்தான். கடலையும் மக்காச்சோளமும் விளையும் கொங்கு நாட்டுக்கு இது அயலார் செய்தியன்று.

வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முழுதும் அழியாது. ஹெபடைடிஸ்-பி கிருமி உள்ளவருக்கோ ஆபத்து பன்மடங்காகும். எனினும் காக்கும் வழிகள் எளியவை. கடலையை ஈரம் போகக் காயவைத்துச் சேமிக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட வேண்டும். என் அம்மாயி கடலை உரிக்கும்போது சுருங்கியதையும் கறுத்ததையும் தனியே ஒதுக்குவார். பாடநூல் படிக்காத அந்த விரல்கள் செய்வது விஞ்ஞானமே. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்வேன்: ஒதுக்கியதை மாட்டுக்கும் போடக் கூடாது, நஞ்சு பாலில் இறங்கி நம் வீட்டுக் குழந்தைக்கே வந்து சேரும்.