ஒரு சிவப்புப் புள்ளடி

அக்கரைப்பற்றில் எங்கள் வட்ஸ்அப் குழுவில் நாளுக்கொரு கேள்வி போடத் தொடங்கி மூன்று வருடமாகிறது. சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் ‘வரலாற்றில் இன்று’ கேள்வி. மஹ்ரிபுக்குப் பிறகு விடை. மாதக் கடைசியில் கூடிய புள்ளி எடுத்தவருக்கு 500 ரூபாய் ரீலோட், என் கைக்காசில். நாங்களும் செய்யப்போகிறோம், எப்படிச் செய்வது என்று பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கேள்வி தேடுவது கஷ்டமில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஒன்றை எடுங்கள், இன்னோர் இடத்தில் சரிபாருங்கள், கொப்பியில் எழுதுங்கள், காலையில் போடுங்கள். அவ்வளவுதான். நான் விழுந்த இடம் வேறு.

முதல் வருடம், மே 15. “தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எந்த ஆண்டு தொடங்கப்பட்டது?” என்று கேட்டேன். என் கொப்பியில் விடை 1996. ஒரு ராத்தா 1995 என்று எழுதினார். அந்த மாதம் அதுவரை ஒரு நாள்கூடப் பிழைவிடாதவர். பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளடி போட்டேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது: “தம்பி, நான் அங்க முதல் பெட்ச். அட்டாளைச்சேனையில வகுப்புத் தொடங்கக்குள்ள நான் இருந்தன்.” அதைக் கேட்டேன். கேட்ட பிறகும், எல்லாரும் பார்க்க, “ராத்தா, புத்தகத்துல 96 என்டுதான் கிடக்கு” என்று எழுதினேன்.

ராத்தா சொன்னதுதான் சரி. 1995 ஒக்டோபர் 23ஆம் திகதி, அட்டாளைச்சேனையில், அது பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததுதான் 1996 மே 15. ஒக்டோபர் 23, இந்தப் பல்கலைக்கழகம் உருவாகக் காரணமான மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் பிறந்த நாள். இந்தக் கரையில் பிறந்தவனுக்கு அந்தத் திகதி மறந்திருக்கக் கூடாது. என் கொப்பியில் இருந்த திகதி பிழையில்லை; என் கேள்வியில் இருந்த சொல்தான் பிழை. ‘தரமுயர்த்தப்பட்டது’ என்று கேட்டிருந்தால் விடை 1996தான். ‘தொடங்கப்பட்டது’ என்று கேட்டுவிட்டு, அந்தத் தொடக்கத்திலேயே இருந்தவருக்குப் புள்ளடி போட்டேன்.

அந்த ஒரு புள்ளியால் ரீலோட் வேறொருவருக்குப் போனது. ராத்தா காசைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தான் வாழ்ந்த நாளை ஒருவன் கொப்பியைப் பார்த்துப் பிழை என்றதுதான் அவரைச் சுட்டது. நான் திருத்தம் போட நாலு நாள் எடுத்தேன். அதற்குள் அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். அவரோடு தினமும் விடை அனுப்பிய பெண்கள் ஏழு பேரும் போனார்கள்.

அந்த நாலு நாளில் இன்னொருவர் என் புள்ளடியை ஸ்கிரீன்ஷொட் எடுத்து மூன்று குழுக்களுக்கு அனுப்பினார். ஒரு நாளும் ஒரு விடை எழுதாதவர். கூகுளைப் பார்த்துக் கேள்வி போடுகிறான் என்று சேர்த்தும் எழுதினார். நான் இரவு இரண்டு மணி வரை புத்தகம் பார்த்த நாட்கள் அவருக்குத் தெரியாது. உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவருக்குப் பதில் எழுதாதீர்கள். திருத்தத்தை அன்றைக்கே போடுங்கள், பறித்த புள்ளியையும் அன்றைக்கே கொடுங்கள்.

அதற்குப் பிறகு நான் விடாமல் பிடிக்கும் விதிகள் சில.

‘தொடக்கம்’ என்ற சொல்லைக் கண்டால் நில்லுங்கள். கொழும்பில் வானொலி 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஒலிக்கத் தொடங்கியது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமானது 1967இல். எதைக் கேட்கிறீர்கள் என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊர்ப் பெயரை அந்தக் காலத்துக் கண்ணால் பாருங்கள். விபுலாநந்த அடிகள் 1892இல் காரைதீவில் பிறந்தார். எந்த மாவட்டம் என்று கேட்டால் பிள்ளைகள் அம்பாறை என்பார்கள். அம்பாறை மாவட்டம் பிரிந்ததோ 1961இல். அதற்கு முன் இந்தக் கரை முழுவதும் மட்டக்களப்பு மாவட்டம்.

நாட்காட்டியைக் குறிப்பிடுங்கள். ரஷ்யாவின் ஒக்டோபர் புரட்சி பழைய நாட்காட்டியில் 1917 ஒக்டோபர் 25. நம் நாட்காட்டியில் நவம்பர் 7. பத்ர் போர் ஹிஜ்ரி 2, ரமழான் 17. ஹிஜ்ரி வருடம் ஏறக்குறைய 11 நாள் குறைவென்பதால் அது ஒவ்வொரு வருடமும் வேறு ஆங்கிலத் திகதியில் வரும். மஹ்ரிபோடு ஹிஜ்ரி நாளே மாறிவிடும். அதனால் பத்ர் தினத்தில் மட்டும் விடையை அஸருக்கே போட்டுவிடுகிறேன்.

கடைசியாக, டிசம்பர் 26. அன்றைக்கு நான் கேள்வி போடுவதில்லை. முதல் வருடம் இதற்காகவும் என்னை ஏசினார்கள். 2004 வரலாறு இல்லையா என்று கேட்டார்கள். வரலாறுதான். அந்தக் காலை இந்த மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. எங்கள் குழுவில் பிள்ளையைக் கொடுத்த உம்மா ஒருவர் இருக்கிறார். அலை எத்தனை மணிக்கு வந்தது என்று அவரிடம் கேட்டு, சரி விடைக்குப் புள்ளி போட என்னால் முடியாது. அன்றைக்கு ஒரு துஆ மட்டும் போடுகிறேன். இதில் யார் என்ன சொன்னாலும் மாறமாட்டேன்.

ஒவ்வொரு வருடமும் மே 15 வந்தால் அதே கேள்வியைத் திருத்திப் போடுகிறேன்: “கல்லூரியாகத் தொடங்கியது எப்போது? பல்கலைக்கழகமாக உயர்ந்தது எப்போது?” இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி. அன்று காலை கேள்வியை அந்த ராத்தாவின் இலக்கத்துக்கும் தனியாக அனுப்புகிறேன். அவர் பார்க்கிறார் என்பதை நீலக் கோடுகள் காட்டுகின்றன. விடை இன்னும் வரவில்லை.