முப்பது யூனிற் வீட்டில் எதைக் குறைப்பது?



வாசகரே, ஒலுவில் துறைமுகத்தடியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. விலை ஏறினால்தானே சனம் கரண்டைப் பார்த்துப் பாவிக்கும், அதில் என்ன அநியாயம் என்று கேட்கிறீர்கள். ஏசி ஓடும் வீட்டுக்கு உங்கள் பேச்சுப் பொருந்தும். மற்ற வீடுகளின் பில்லை ஒருக்கால் விரித்துப் பாருங்கள்.

மாதம் 30 யூனிற் பாவிக்கும் வீடு. 2022 ஆகஸ்டுக்கு முன் யூனிற் 2.50 ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா, மொத்தம் 105. அந்த ஆகஸ்டில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் யூனிற் 30 ரூபா, நிலையான கட்டணம் 400; அதே பாவனைக்கு 1300 ரூபா. இரண்டு மூன்று பல்ப், ஒரு ஃபேன், போன் சார்ஜர் உள்ள வீட்டில் எதை நிறுத்துவது? பிள்ளை உறங்கும் அறையின் ஃபேனையா? எல்லாவற்றையும் நிறுத்தி இருட்டில் இருந்தாலும் அந்த 400ஐக் கட்டியே ஆகவேண்டியிருந்தது. சிக்கனம் பிடித்தாலும் குறையாத கட்டணத்துக்குக் கேள்வி முகாமைத்துவம், அதாவது பாவனையைக் குறைக்க வைக்கும் வழி, என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அது வெறும் வசூல். அந்த ஜூலையில் யூனிற் 10 ரூபா, நிலையான கட்டணம் 150 ரூபா என்று இறக்கினார்கள்தான். ஆனாலும் 2023இல் சிவப்புப் பில் கட்ட முடியாமல் நாடு முழுக்கப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வெட்டுப்பட்டன.

உங்கள் கரையிலேயே இன்னொன்று நடந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340க்குப் போனது. பழைய விலையை நட்டத்தில் காலம் முழுக்கத் தாங்கியிருக்க முடியாது, உண்மை. ஆனால் விலை ஏறியதற்காக மீன் கரைக்குக் கிட்ட வருமா? மண்ணெண்ணெய் எஞ்சின் தோணிக்காரருக்குக் குறைக்க இருந்தது ஒன்றுதான்: கடலுக்குப் போவது.

2022இல் எரிபொருளுக்கு வந்த கியூஆர் பங்கீட்டை நாம் எவ்வளவு திட்டினோம்! மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர், காருக்கு 20. காசுக்காரரும் தம் பங்கோடு நிற்க வேண்டியிருந்தது. விலை அப்படிக் காசுக்காரரை நிறுத்துவதில்லை.

மின் விநியோகத்துக்கு நெருக்கடி நேரம் மாலை 6.30 முதல் 10.30 வரை. இஷாவும், நோன்பில் தறாவீஹும் அதற்குள்தான். பகலிலோ கதை வேறு: மின்சாரம் மிஞ்சும் என்று 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். வாஷிங் மெஷினையும் தண்ணீர் மோட்டரையும் பகலுக்கு மாற்றக்கூடியவரிடம் முதலில் கேட்கட்டும். பல்பை எப்படிப் பகலுக்கு மாற்றுவது?

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடுத்த கட்டணத் திருத்தத்துக்குக் கருத்துக் கேட்கும்போது, 30 யூனிற்றுக்குக் கீழே நிலையான கட்டணமே வேண்டாம் என்று எழுதப்போகிறேன். உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் அதையும் அங்கே எழுதுங்கள்.