லட்சுமியின் கன்னத்தில் ஒரு லென்ஸ்

ஷாதிபூர்,
ஞாயிறு.

அன்புள்ள கவிதா,

ஆச்சி கல்யாணமான புதிதில் கப்பலில் டிரங்குப் பெட்டிக்குள் கொண்டுவந்தாளே, அந்த லட்சுமி படம் ரவிவர்மா கையால் வரைந்ததா என்று கேட்டிருந்தாய். அச்சுப்படம்தான். ஆனால் அச்சிலும் கைவேலை உண்டு. இன்று காலை சட்டத்தைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

இந்தக் காலத்து ஆப்செட் காலண்டரில் புள்ளிகள் ஒரே ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். இதில் லட்சுமியின் கன்னத்தில் மணலை விசிறிய மாதிரி ரோஸ், மஞ்சள், பழுப்புப் பொட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. கல்லின் மேல் ஒருவர் குனிந்து உட்கார்ந்து வைத்தவை. நிறத்துக்கு ஒரு கல். எண்ணெய்ப்பசை உள்ள மையால் கல்லில் வரைந்து, தண்ணீர் தடவி, சாயத்தை உருட்டினால் பசை உள்ள இடத்தில் மட்டும் ஒட்டும். அடுத்த நிறத்துக்கு அடுத்த கல். ஒரு மயிரிழை தப்பினால் சிவப்பு உதட்டைத் தாண்டிவிடும். நம் லட்சுமிக்குத் தாண்டியிருக்கிறது! எனக்கு அதுதான் பிடித்தது.

ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். கடன் முற்றி, பிறகு ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே விற்றார்.

அதற்கு நூறு வருஷத்துக்கும் மேலாக முன்பே, ஓவியத்தை அச்சாக்கி விற்கும் இந்த வியாபாரம் பாரிஸில் நடந்தது. ஓவியர் பூஷே வரைந்த வீனஸ்களைத் தெமார்த்தோ என்ற செதுக்குக் கலைஞர் செம்புத் தகட்டில் இறக்கினார். பல்சக்கரக் கருவியை உருட்டி உருட்டிப் புள்ளி குத்துவார். அச்சாகி வந்தால் சிவப்புச் சாக்கட்டியால் வரைந்தது போலவே இருக்கும். ஓவியம் வாங்க வசதியில்லாதவர்கள் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். வீனஸுக்கு யாரும் சாம்பிராணி போடவில்லை. நம் படத்தில் கண்ணாடியின் மேல் ஆச்சி வைத்த குங்குமம் கருத்துத் தடித்திருக்கிறது. சுரண்ட மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

பின்னட்டையை மாற்றிவிட்டேன், பூஞ்சை. இந்த ஊர் ஈரத்துக்குப் படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டவே கூடாது. நாலு மூலையிலும் கார்க் துண்டு வைத்துக் காற்றுப் போக விட்டிருக்கிறேன். லேமினேட் செய்யலாமா என்கிறான் உன் தம்பி; அவனை நீயே கவனித்துக்கொள்.

நீ இருப்பது கோவில்பட்டி. சிவகாசி காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்த கொண்டையராஜு (1898–1976) வாழ்ந்த ஊர். நாடகத் திரை எழுதியவர். பழைய கடைகளில் அவர் படம் மாட்டியிருந்தால் கீழ் மூலையில் பெயர் இருக்கிறதா பார்த்து எழுது. லென்ஸ் எடுத்துப் போக மறக்காதே.

அன்புடன்,
மாமா