பகிர்வு போல்டர் திறக்கவில்லையா? தொழில்நுட்பவியலாளரை அழைக்கும் முன்

இரண்டு மூன்று கணனிகள் வைத்திருக்கும் எந்தக் கடையிலும் ஒரு நாளைக்கு இந்தப் பிரச்சினை வந்தே தீரும். காசாளர் மேசையில் ஒரு கணனி, மேல்மாடியில் கணக்குப் பார்ப்பவரிடம் ஒன்று, களஞ்சியத்தில் ஒன்று. கடன் பட்டியலும் விலைப்பட்டியலும் இருப்பது காசாளர் மேசைக் கணனியில் மட்டுமே. மற்ற இரண்டும் வலையமைப்பு ஊடாக அதைத் திறந்து பாவிக்கின்றன. நேற்று மாலை வரை திறந்த போல்டர் இன்று காலை திறக்கவில்லை. வெளியூர் வாடிக்கையாளர் பாக்கி கட்டப் பணத்துடன் வந்து நிற்கிறார். எவ்வளவு பாக்கி என்று சொல்ல மேல்மாடியில் கணக்கு இல்லை.

உடனே நாம் செய்வது தொழில்நுட்பவியலாளருக்குத் தொலைபேசி எடுப்பதுதான். அவர் வந்து அரை மணித்தியாலத்தில் சரிசெய்து, கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். என்ன செய்தார் என்று நாம் கேட்பதில்லை. கேட்காமல் விட்டதால் நான் பட்டதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், நாமே பார்க்கக்கூடியது என்ன என்று பார்ப்போம்.

முதலில் திரையில் வரும் செய்தியை நிதானமாக வாசியுங்கள். இரண்டு விதமான செய்திகள் உண்டு. ஒன்று, அந்தக் கணனியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்பது. மற்றது, கணனி கிடைத்தது, ஆனால் உள்ளே வர உங்களுக்கு அனுமதி இல்லை என்பது. லொறி களஞ்சியத்துக்கே வந்து சேராததும், வந்து சேர்ந்த லொறிக்குக் காவலாளி கேற் திறக்காததும் வேறு வேறு பிரச்சினைகள் அல்லவா? அனுமதி இல்லை என்று செய்தி வரும்போது கேபிளைக் கழற்றி மாட்டுவதில் பலன் இல்லை. கணனியே கிடைக்காதபோது கடவுச்சொல்லை மாற்றுவதிலும் பலன் இல்லை.

கணனி கிடைக்கவில்லை என்றால், கோப்பு இருக்கும் கணனி தூங்கிப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதி முறைப்பாடுகள் அதோடு முடிந்துவிடும். பிறகு இரண்டு கணனிகளிலும் கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகொன்பிக்' கட்டளையைக் கொடுத்து, ஐபி இலக்கங்களைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். கடைகளில் உள்ள சாதாரண அமைப்பில் முதல் மூன்று தொகுதிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் அவை இரண்டும் வெவ்வேறு வலையமைப்பில் நிற்கின்றன. 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணனிக்கு ரவுட்டரிடமிருந்து இலக்கமே கிடைக்கவில்லை. அப்போது கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

என் நண்பர் ஒருவர் களஞ்சியத்துக்கு வை-பை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, முதல் ரவுட்டரிலிருந்து வந்த வயரை அதன் 'வேன்' துளையில் மாட்டினார். இரண்டு இடத்திலும் இன்டர்நெட் நன்றாக வேலை செய்தது. அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் களஞ்சியக் கணனியில் இருந்த இருப்புப் புத்தகத்தைக் கடையிலிருந்து திறக்க முடியவில்லை. இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு வலையமைப்பை உண்டாக்கி, அதற்கு மதிலும் கட்டிவிட்டது. அந்த ரவுட்டரை 'அக்சஸ் பொயின்ட்' நிலைக்கு மாற்றியதும் காரியம் முடிந்தது. அதுவரை மூன்று நாட்கள், இருப்பு எவ்வளவு என்று கேட்கப் பையன் கடைக்கும் களஞ்சியத்துக்கும் நடந்தான். விருந்தினருக்கான வை-பையில் ஒரு கணனியை இணைத்தாலும் அநேகமாக இதே கதைதான்.

இலக்கங்கள் சரி என்றால், போல்டரைப் பெயரால் தேடாமல் ஐபி இலக்கத்தால் திறந்து பாருங்கள். முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடுகள் போட்டு இலக்கத்தை எழுதினால் போதும். இலக்கத்தால் திறந்து பெயரால் திறக்காவிட்டால் வழி நன்றாகவே இருக்கிறது, பெயரை அறிவதில்தான் கோளாறு. ஆனால் இந்த இலக்கமும் நிலையானது அல்ல. 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தில், மின்சாரம் வந்து ரவுட்டர் எழும்பும்போது எங்கள் கணனிகளின் இலக்கங்கள் சில நாட்களில் மாறிப் போயின. கோப்பு இருக்கும் கணனிக்கு ஒரே இலக்கத்தை ஒதுக்கி வைக்கும்படி ரவுட்டரில் அமைத்த பிறகே நிம்மதி வந்தது.

ரவுட்டரைப் புதிதாக மாற்றியதும் போல்டர் திறக்காமல் போனால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். புதிய வலையமைப்பை விண்டோஸ் பொது இடமாக எடுத்துக்கொண்டு, பகிர்வு வாசலை மூடிவிடுகிறது. வலையமைப்பு அமைப்புக்குள் சென்று அதைத் தனியார் வலையமைப்பு என்று மாற்றுங்கள். பயர்வோலையே நிறுத்திவிட வேண்டாம். அது வாசல் கதவு இறுகிவிட்டது என்று சுவரை இடிக்கிற வேலை.

இனி அனுமதி மறுக்கப்படும் விடயம். கேட்கப்படுவது கோப்பு இருக்கும் கணனியில் உள்ள கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும். காலையில் கணனியைத் திறக்க அடிக்கும் நான்கு இலக்க 'பின்' இங்கு செல்லாது. கடவுச்சொல் இல்லாத கணக்கையும் விண்டோஸ் வழமையாக வலையமைப்பு ஊடாக உள்ளே விடாது. கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால், மற்றக் கணனி பழையதை நினைவில் வைத்துக்கொண்டு அதையே அனுப்பிக்கொண்டிருக்கும். 'கிரெடென்ஷல் மனேஜர்' பகுதியில் அதை அழித்துவிடுங்கள்.

கடவுச்சொல்லே இல்லாமல் விருந்தாளியாக நுழையும் பழக்கத்தில் இருந்தவர்களுக்கு, 2024இல் வந்த விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு தலையிடியாகிவிட்டது. அது அப்படி நுழைவதை வழமையாக ஏற்பதில்லை. முறையாக ஒரு பாவனையாளர் கணக்கு உண்டாக்குவதே வழி. பழைய எக்ஸ்பீ கணனி மட்டும் திறக்கவில்லை என்றால், அது பேசும் பழைய பகிர்வு முறை, 2017 பிற்பகுதியிலிருந்து புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10இல் வழமையாகச் சேர்க்கப்படுவதில்லை. சிலர் அதை மீண்டும் இயக்கிக் கொடுக்கிறார்கள். 2017 மே மாதம் வன்னாகிரை பரவியது அந்த முறையில் இருந்த ஓட்டை ஊடாகத்தான். பழைய கணனியை ஓய்வெடுக்க விடுங்கள்.

கணக்கும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால், பூட்டு இரண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். பகிர்வில் ஓர் அனுமதி, போல்டரின் பாதுகாப்புப் பகுதியில் இன்னோர் அனுமதி. இரண்டில் இறுக்கமானது எதுவோ அதுதான் செல்லுபடியாகும்.

எங்கள் கடைக்கு வந்தவர் அன்று இந்த இரண்டையும் 'எல்லோருக்கும் முழு அதிகாரம்' என்று திறந்துவிட்டுப் போனார். ஐந்து நிமிட வேலை, நாங்களும் மகிழ்ந்தோம். சில மாதங்கள் கழித்துக் களஞ்சியத்துப் பையன் தன் கணனியில் இடம் இல்லை என்று துப்புரவு செய்யும்போது கடன் போல்டரை அழித்துவிட்டான். அது தன் கணனியில் இருப்பதாகவே அவன் நினைத்திருந்தான். வலையமைப்பு ஊடாக அழித்தது வழமையாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்று அன்றுதான் அறிந்தேன். ஐந்து மாதக் கடனைப் பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் கார்பன் பிரதிகளிலிருந்து பதினொரு இரவுகள் இருந்து எழுதினோம். கிடைக்காத சிலவற்றுக்கு வாடிக்கையாளர் சொன்ன தொகையையே எழுதிக்கொண்டோம். பையனை நான் ஏசவில்லை. கதவைத் திறந்து வைத்தது நான்.

இப்போது களஞ்சியத்துக்கு வாசிக்க மட்டும் அனுமதி. கணக்குப் பார்ப்பவருக்கும் காசாளருக்கும் தனித்தனிக் கணக்குகள். வியாழக்கிழமை மாலையில் கடன் போல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி எடுத்து, கழற்றி லாச்சியில் வைக்கிறோம். காசாளர் மேசையில் ஒரு சிறு கொப்பி இருக்கிறது. யார் வந்து எந்த அமைப்பை மாற்றினாலும் திகதியுடன் அதில் எழுதிக் கையொப்பம் இட்ட பிறகுதான் கூலி. கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத விடுவதில்லை.