மாட்டைக் கடிப்பது எந்த ஈ?

பால் கறக்கும்போது மாடு ஓயாமல் காலை உதறுகிறதா? கால்களில் மொய்க்கும் ஈயை உற்றுப் பாருங்கள். வீட்டு ஈயைப் போலவே இருக்கும். ஆனால் வீட்டு ஈக்குக் கடிக்கத் தெரியாது. எச்சிலைக் கக்கி, உணவைக் கரைத்து உறிஞ்சத்தான் தெரியும். கடிப்பது தொழுவ ஈ. இதன் தலைக்கு முன்னே ஊசி போன்ற வாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிப்பவை.

வீட்டு ஈ ஈரச் சாணத்திலும் குப்பையிலும் ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டைகள் இடும். வெயில் காலத்தில் அவை 7 முதல் 10 நாட்களில் ஈக்களாகிவிடும். தொழுவ ஈக்கோ மூத்திரமும் சாணமும் கலந்து அழுகும் வைக்கோல் பிடிக்கும். மாடு தின்று கழித்த வைக்கோலை மூலையில் ஒதுக்கி வைத்தால், நாமே அதற்கு இடம் கொடுத்தது போலாகும்.

பளபளக்கும் பச்சை, நீல ஈக்கள் செத்த பிராணிகளை நாடுபவை. இவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு வகை, உயிருள்ள மாட்டின் புண்ணிலேயே முட்டையிடும். கன்றின் தொப்புளும் இதற்குத் தப்பாது. காயம் சிறிதாயினும் உடனே மருந்திடுங்கள்.

பறக்கும் ஈக்கு மட்டும் மருந்தடிப்பது வீண் செலவு. குப்பையிலுள்ள புழுக்கள் அடுத்த வாரமே ஈக்களாக வரும். கழிவு வைக்கோலை வாரம் இரு முறை அள்ளி எருக்குழியில் போட்டு, மண்ணால் கெட்டியாக மூடவும். குழியின் நடுச் சூட்டில் புழு பிழைக்காது, ஓரங்களில்தான் பிழைக்கும். ஓரத்து எருவை அவ்வப்போது நடுவே தள்ளிவிடவும்.