உச்சி பாதி வழியே

மலையேற்றத்தில் உச்சியையே பயணத்தின் முடிவாக எண்ணுவது நமது இயல்பு. உண்மையில் அது பாதி வழியே. காலையில் புறப்பட்டு மாலையில் அடிவாரம் திரும்ப வேண்டிய கோடை நாளில், உச்சியை அடையும் வேளையில் உடலின் நீரும் வலிமையும் பெரும்பாலும் செலவாகியிருக்கும். வெயிலோ அப்போதுதான் கடுமை கொள்ளும்.

பாலக்காட்டு மலைகளில் இது தெளிவாகவே புலப்படும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள கணவாய் வழியே கிழக்கிலிருந்து உலர்காற்று வீசுகிறது. அது வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், தாம் இழந்த நீரின் அளவு ஏறுபவருக்கே தெரிவதில்லை. கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை இழப்பு நேரலாம். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே உடலின் பாரத்தைத் தாங்குகின்றன. களைத்த தசை, பாதத்தை உரிய இடத்தில் ஊன்ற விடாது. ஏறுகையில் எளிதாயிருந்த பாறை இறங்குகையில் அச்சுறுத்துவது இதனால்தான்.

2022 பிப்ரவரி 7 அன்று மலம்புழா அருகேயுள்ள குரும்பாச்சி மலையில் ஓர் இளைஞர் நண்பர்களுடன் ஏறினார். நண்பர்கள் பாதியில் முயற்சியைக் கைவிட்டனர். தனித்து மேலே சென்றவர் கால் வழுக்கிச் செங்குத்துப் பாறையின் இடுக்கில் சிக்கிக்கொண்டார். ஹெலிகாப்டரால் நெருங்க இயலவில்லை. உணவும் நீரும் இன்றி ஏறத்தாழ 45 மணி நேரம் கழிந்தது. 9ஆம் தேதி காலை இராணுவ வீரர் ஒருவர் மேலிருந்து கயிற்றில் இறங்கி, முதலில் நீர் கொடுத்து, பின்னர் அவரைத் தம்மோடு பிணைத்துக்கொண்டார். இருவரும் மேலே தூக்கப்பட்டனர்.

அவ்விளைஞரின் மனவுறுதியும் வீரர்களின் துணிவும் நாடெங்கும் பேசப்பட்டன. பாதியில் நின்ற நண்பர்களைப் பற்றி யார் பேசினார்கள்? உச்சியைத் தொட்ட கதையை ஊருக்கே சொல்லும் நாம், திரும்பிய கதையை வீட்டில்கூடச் சொல்வதில்லை.

வைராக்கியம் என்னும் சொல்லைப் பேச்சுவழக்கில் பிடிவாதம் என்ற பொருளில் ஆள்கிறோம். ராகம் என்றால் பற்று. அது நீங்கிய நிலையே வைராக்கியம். அப்படியானால் உச்சியின் மீதுள்ள பற்றையும் விடத் தெரிந்தவரிடம் அன்றோ அது இருக்கிறது? இன்ன நேரத்திற்குள் உச்சியை அடையாவிடில் திரும்புவது என்று அடிவாரத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். உச்சி கண்ணில் பட்டபின் மனம் நடுநிலையோடு தீர்ப்பளிக்காது. தண்ணீரில் பாதியை இறக்கத்திற்கென ஒதுக்குவதும் அதே முடிவைச் சேர்ந்தது.

திரும்புவதைப் போலவே, புறப்படாதிருப்பதும் சில வேளைகளில் தேவையாகிறது. இடுக்கி எல்லையை ஒட்டிய கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டக் குரங்கணிக்கு இறங்கும் பாதையில், 2018 மார்ச் 11 அன்று மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் அகப்பட்டனர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்திருந்தவர்கள் அவர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் தீ மேல்நோக்கியே விரைந்து பரவும். எழும் வெப்பம் மேலேயுள்ள காய்ந்த புல்லை முன்கூட்டியே உலர்த்திப் பற்றவைத்துவிடும். மேலே ஓடுபவரால் அதை முந்துவது அரிது.

அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கு ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. தீப்பருவத்தில் வனத்துறை பாதைகளை மூடுகிறது. விடுமுறை கிடைத்தவுடன் புறப்படத் துடிக்கும் அன்பர்கள், பாதை திறந்துள்ளதா என்று முதலில் அவ்வட்டார வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். திரும்பும் நேரத்தை வீட்டாரிடமும் சொல்லிச் செல்க.